மயிர் கழற்றும் மண்

எண்பதுகளின் தொடக்கத்தில், பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த வேலையை வீட்டில் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆட்டுத் தோலிலிருந்து மயிரைக் கழற்றிவிடக்கூடிய நுண்ணுயிர் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். போளூரில் என் அம்மா அக்கம்பக்கத்தில், "ஏதோ மருந்து கண்டுபிடிக்கிறா" என்று சொல்லி வைத்திருந்தாள். நானும் மறுத்துப் பேசவில்லை.

அந்த ஊரில் தோல் ஷாப்புகள் நிறைய. பதனிடுவதற்கு முன்னால் தோலிலிருந்து மயிரை எடுக்க வேண்டும். அதற்குச் சுண்ணாம்பும் சல்பைடும் கரைத்த குழியில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அழுகிய முட்டை நாற்றம் தெருவின் முனையிலேயே வரவேற்கும். குழித்தண்ணீர் கால்வாயில் ஓடி ஆற்றில் கலக்கும். ஆற்றிலிருந்து கிணறுகளுக்கு ஊறும். நான் வாடகைக்கு இருந்த அறையின் பின்னால் ஒரு கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரில் துவைத்த வெள்ளைத் தாவணி மூன்றே மாதத்தில் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. குடிக்க அந்தத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. எங்கள் கூடத்துக்குப் பக்கத்து ஷாப்பில் வேலை பார்த்த மேஸ்திரியின் உள்ளங்கைகள் வெடித்து, வெடிப்புக்குள் சுண்ணாம்பு வெள்ளையாகத் தேங்கியிருக்கும். சாப்பிடும்போது அவர் இலையைப் பார்க்க மாட்டார். எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி பிசைந்து சாப்பிடுவார். சல்பைடு இல்லாமல் ஒரு கிருமியை வைத்தே மயிரைக் கழற்றிவிட முடியுமானால் அந்தக் கைகளுக்கும் ஆற்றுக்கும் கொஞ்சம் விடிவு கிடைக்கும் என்பது எங்கள் பேராசிரியரின் எண்ணம். சார் அதிகம் பேசாதவர். "மண்ணுல இல்லாதது ஒண்ணும் இல்லைம்மா. தேடணும்," என்று மட்டும் சொன்னார்.

ஒரு வருஷம் தேடினேன். குழியோரச் சேறு, எருக்குப்பை, கசாப்புக்கடைப் பின்பக்கம் என்று மண் அள்ளி வந்து தண்ணீரில் கரைத்து, பால் கலந்த அகர் என்ற கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டில் தடவி வைப்பேன். வெள்ளையாக உறைந்திருக்கும் அந்தத் தட்டில், புரதத்தைத் தின்னும் கிருமி வளர்ந்தால் அதைச் சுற்றி மட்டும் பால் மறைந்து, கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் தெளியும். வட்டம் எவ்வளவு அகலமோ அவ்வளவு பலம். எனக்குக் கிடைத்ததெல்லாம் குண்டூசித் தலை அளவு வட்டங்கள்தான். மயிரைக் கழற்றுவது கிடக்கட்டும், அவற்றால் ஒரு பூனைமுடியைக்கூட அசைக்க முடியாது.

அப்போதுதான் பாய் வந்தார். மலைச் சந்தைகளில் ஆட்டுத் தோல் வாங்கி வந்து பக்கத்து ஷாப்புக்குக் கொடுக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை இருக்கும். சோதனைக்கு வேண்டிய துண்டுத் தோல்களை நான் அவரிடம்தான் இலவசமாக வாங்குவேன். ஒருநாள் அவர் கழித்துப் போட்டிருந்த தோல் ஒன்றை எடுத்தபோது என் விரலோடு ஒரு கொத்து மயிர் வந்துவிட்டது. இன்னொரு இடத்தில் கட்டைவிரலால் தள்ளினேன். அங்கேயும் வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் தோல் வழுவழுவென்று இருந்தது.

"பாய், இது எந்தக் குழியில ஊறினது?"

"குழியுமில்ல ஒண்ணுமில்ல. பச்சைத் தோலு. ஜவ்வாது மலை மேல ஒரு வூடு. அந்த வூட்டுத் தோலு மட்டும் எப்பவும் இப்படித்தான், முடி தானா கொட்டிக்கினு வருது. எனக்கு வேஸ்டு. எத்தினி வாட்டி சொன்னாலும் அந்தம்மாவுக்குச் சுத்தபத்தமா வைக்கத் தெரியல."

"பாய், அந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அடுத்த சந்தை நாளில் போளூரிலிருந்து முதல் பஸ்ஸில் மலையேறினேன். வளைவுகளில் பஸ் முக்கி முனகி ஏறியது. பாதி வழியில் எல்லாரையும் இறக்கி, இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றி, பிறகு ஏற்றிக்கொண்டார்கள். ஜமுனாமரத்தூர் சந்தையில் புளிமூட்டைகளுக்கும் கடுக்காய்க் குவியலுக்கும் நடுவில் பாயின் குடையைத் தேடிப் பிடித்தேன். தன் வியாபாரத்தை முடித்துவிட்டு, என் மண்ணெடுக்கும் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு சாமைக் கொல்லைகளின் வரப்பில் முன்னால் நடந்தார். ஒரு மணி நேர நடை.

அந்த வீட்டுக்காரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னா பாய், இந்தத் தபா சாட்சிக்கு ஆளு இட்டாந்துட்டீங்களா?"

"சாட்சி இல்லம்மா. காலேஜ் அம்மா. உன் வூட்டு மண்ணு வேணுமாம்."

"மண்ணா? மண்ணை எடுத்துனு போய் இன்னா பண்ணுவாங்க?"

நான் சொல்லிப் பார்த்தேன். சொன்ன விதம் அவருக்குப் புரியவில்லை, எனக்கே புரியாத மாதிரிதான் சொன்னேன். கண்ணாடியும் பையுமாக இருந்ததால் என்னைப் பள்ளிக்கூடத்து ஆள் என்று முடிவு செய்து, "உட்காருங்க டீச்சரம்மா," என்று ஒரு கோணியை விரித்தார். கடைசிவரை நான் அவருக்கு டீச்சரம்மாதான். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

வீட்டின் பின்னால் இரண்டு கவைக்கம்பு நட்டு, குறுக்கே ஒரு மரக்கழி. ஆடு அறுக்கிற நாளில் தோலை முதலில் தரையில் விரித்துப்போட்டு, வேலையெல்லாம் முடிந்த பிறகு கழியில் தொங்கவிடுவார்கள். அந்த நிழலில் தரை எப்போதும் ஈரமாக இருந்தது. நான் மண்டியிட்டு மண்ணைச் சுரண்டிப் பாலிதீன் பைகளில் போட்டேன். அக்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாய் தள்ளிப்போய்ப் புகைபிடிக்கப் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சரம்மா, என் கையில ஏதாச்சும் தோஷம் இருந்தா இந்த மண்ணைப் பார்த்து உங்களுக்குத் தெரியுமா?"

"கையிலயா? ஏன்க்கா?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கல்யாணமாகி, புதிதாகக் கட்டிய இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷம். வந்ததிலிருந்து இந்த வீட்டில் உரித்த தோல் எல்லாம் இப்படித்தான் கெட்டுப்போகிறதாம். மற்ற வீட்டுத் தோல் நன்றாக இருக்கும்போது இது மட்டும் ஏன் என்று ஊரில் பேச்சு வந்திருக்கிறது. இவள் கை பட்டால் அழுகும் என்று யாரோ சொல்ல, அது அப்படியே நின்றுவிட்டது. விதைப்பு நாளில் பெண்கள் எல்லாரும் விதைக்கூடை சுமக்கும்போது இவரை மட்டும் களை வெட்ட அனுப்பிவிடுவார்களாம்.

"புருஷன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா அவரும் வெதையை அவரே எடுத்துனு போவாரு," என்றார். சொல்லிவிட்டுத் தன் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டார். கையில் ஒன்றுமே இல்லை.

இருபத்து மூன்று வயதில் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "அக்கா, இதுக்குக் காரணம் மண்ணுல இருக்கிற கிருமின்னுதான் நான் நினைக்கிறேன். பார்த்துட்டுக் கண்டிப்பா சொல்லி அனுப்புறேன்," என்றேன். அவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. கிளம்பும்போது பொரித்த சாமை அரிசியை வெல்லம் சேர்த்து ஒரு துணியில் முடிந்து கொடுத்தார். பஸ்ஸில் அதைத் தின்றுகொண்டே, மடியில் மண்ணை வைத்துக்கொண்டு இறங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் தட்டைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். நடுவில் ஒரு கிருமிக் கூட்டம், கசங்கிய காகிதம் மாதிரி. அதைச் சுற்றி எட்டணாக் காசு அளவுக்குத் தெளிந்த வட்டம். சாரிடம் ஓடினேன். அவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "ம்," என்றார். அன்று மத்தியானம் எல்லாருக்கும் மசால் வடை வாங்கிவரச் சொன்னார். அவருக்கு அது பெரிய ஆர்ப்பாட்டம்.

அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து, அது கக்கும் சாற்றைத் தோல்துண்டின் மேல் ஊற்றிவைத்தேன். மறுநாள் கட்டைவிரலால் தள்ளினால் மயிர் சால்வையை உரித்த மாதிரி வந்தது. ஒரே குறை, அதற்குப் பசி அதிகம். சில மணி நேரம் கூடுதலாக விட்டால் தோலின் மேற்பரப்பையும் தின்று அம்மைத் தழும்பு போலக் குழிகள் போட்டுவிடும். "பழக்கிக்கலாம்," என்றார் சார்.

பாயிடம் செய்தி சொல்லி அனுப்பினேன். "அந்த அக்கா கையில ஒரு குத்தமும் இல்ல, மண்ணுல இருக்கிற பூச்சிதான் காரணம்னு சொல்லுங்க. ஊர்ல நாலு பேர் காதுல விழுற மாதிரி சொல்லுங்க." பாய் அடுத்த வாரம் வந்து, "சொல்லிட்டேன்மா. ஊர்க்கவுண்டர் எதிர்லயே சொல்லிட்டேன். பத்து வருஷமா நானும் அந்தம்மாவைத் திட்டிக்கினு இருந்தேனே," என்றார். அன்று அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

அந்தக் கோடையில் தங்கை கல்யாணத்துக்காகப் போளூர் போயிருந்தேன். போன மறுநாளே ஆய்வுக்கூடத் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. சார் அப்போது ஊரில் இல்லை. நான் திரும்பி வந்தபோது குளிர்சாதனப் பெட்டிக்குள் அடுப்பங்கரைச் சூடு. சோதனைக்குழாய்கள் முழுவதும் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். என் கிருமி செத்துப்போயிருந்தது. கிருமி காயாமலிருக்க எண்ணெய் ஊற்றி மூடி இன்னொரு பிரதி பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும் என்று சார் இரண்டு முறை சொல்லியிருந்தார். கல்யாணப் பரபரப்பில் வந்து செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மரைக் குறை சொல்லி என்ன பயன்?

சாரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் பூஞ்சணம் பிடித்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, "மலை அங்கேயேதானே இருக்கு. போய்ட்டு வா," என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரமே மறுபடி மலையேறினேன். இந்தத் தடவை வழி தெரியும். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். முகமே மாறியிருந்தது.

"வாங்க டீச்சரம்மா, வாங்க! இந்த வருஷம் வெதைக்கூடை என் தலையிலதான்!"

கையைப் பிடித்தபடியே பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அங்கே கவைக்கம்புகள் இல்லை. ஈரத்தரை இல்லை. புதிதாகப் போட்ட பந்தலில் அவரைக்கொடி படர்ந்து கிடந்தது. அடியில் மண் வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"அக்கா, இங்கதானே நான் மண்ணு எடுத்தேன்?"

"ஆமா. பூச்சி இருக்குதுன்னு நீங்கதானே சொல்லி உட்டீங்க? சருகு போட்டுக் கொளுத்தினேன். பாய்கிட்ட சொல்லி ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கிக் கொட்டினேன். ஒரு பூச்சி உயிரோட இருக்காது. தோலெல்லாம் இப்ப பாறை மேலதான் காய வைக்கிறோம். ஒரு முடி உதிரல!"

அவர் முகமெல்லாம் பெருமை. என்னை மலைக்கு அனுப்பியதே சுண்ணாம்பை ஒழிப்பதற்காகத்தான். அந்தச் சுண்ணாம்பே எனக்கு முன்னால் வந்து வேலையை முடித்துவிட்டது. நான் பந்தலடியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இன்னா ஆச்சு டீச்சரம்மா?"

சொன்னேன். பூச்சி கெட்டதில்லை, அதை வைத்துத்தான் ஊர்த் தண்ணீரைக் காப்பாற்றப் பார்க்கிறோம், இருந்த ஒன்றையும் நான் சாகவிட்டுவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரியின் கைகளைப் பற்றியும் சொன்னேன். அக்கா வாயில் கைவைத்துக்கொண்டார்.

"அய்யோ, நானே கொன்னுட்டேனே!"

"உங்க மேல தப்பில்லக்கா. நான்தான் பாதியைச் சொல்லிட்டுப் போனேன்."

பந்தலடியில் நாலைந்து இடத்தில் மண்ணெடுத்தேன். எதிலும் ஒன்றும் வளரவில்லை. ஆனால் அக்கா அதோடு விடவில்லை. அடுத்த சந்தை நாளுக்குப் பிறகு பாய் எங்கள் கூடத்துக்கு வந்து, குடையை மடக்கிச் சாத்திவிட்டு, தோள்பையிலிருந்து சின்னச் சின்ன இலைப்பொட்டலங்களை எடுத்து என் மேஜையில் அடுக்கினார்.

"அந்தம்மா குடுத்து உட்டுச்சு. எல்லாம் மண்ணு. எந்தெந்த இடம்னு உள்ள கட்டி வச்சிருக்குதாம், நீங்களே தெரிஞ்சிக்குவீங்களாம்."

பிரித்துப் பார்த்தேன். அக்காவுக்கு எழுதத் தெரியாது. ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் மண்ணோடு ஒரு அடையாளம் இருந்தது. ஒன்றில் நாலு சாமை மணி, அது கொல்லை மண். ஒன்றில் புளியங்கொட்டை, புளியமரத்தடி. ஆட்டுப் புழுக்கை இருந்தது பட்டி. அவரைப்பூ இருந்தது பந்தல். கோழி இறகு, கூழாங்கல், கரித்துண்டு. நான் பென்சிலால் எண்போட்டு எழுதிய என் பாலிதீன் பைகளைவிட அவை தெளிவாக இருந்தன. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். புளியங்கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாராவாரம் பொட்டலம் வந்தது. வாராவாரம் தட்டில் தடவினேன். கூழாங்கல்லில் ஒன்றுமில்லை. கோழி இறகில் சின்ன வட்டம். நாலு மாதம் இப்படியே போயிற்று. சந்தைக்குப் போய்விட்டு மலைப்பாதையில் ஒரு மணி நேரம் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தும் பாய் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மட்டும், "இத்தனை வருஷம் தோலு தூக்கினேன். இப்ப மண்ணு தூக்குறேன். வூட்டுல கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் வந்த ஒரு பொட்டலத்தில் மரச்சிம்பு ஒன்று இருந்தது. எந்த மரம், எந்த இடம் என்று எனக்குப் புரியவில்லை. மண்ணும் மிகக் கொஞ்சம், ஒரு தேக்கரண்டி இருக்கும். இருந்தாலும் கரைத்துத் தடவினேன். மூன்றாம் நாள் தட்டைத் திறந்தால் அதே கசங்கிய காகிதம், சுற்றிலும் தெளிந்த வட்டம். முன்னைவிடச் சின்னது. ஆனால் வட்டம்.

"பாய், அந்த மரச்சிம்பு எந்த இடம்னு கேட்டுட்டு வாங்க, உடனே."

அவர் கேட்டுவந்த பதில் இது. பழைய கவைக்கம்புகளை அக்கா பிடுங்கி எறியவில்லை. ஆட்டுப்பட்டியின் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். மழையில் பட்டிக் கதவு சாய்ந்தபோது நிமிர்த்தப் போனவருக்குக் கம்பின் அடிமுனையில், முன்பு தரைக்குள் இருந்த பகுதியில், பழைய மண் காய்ந்து ஒட்டியிருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. சுண்ணாம்பும் நெருப்பும் தொடாத மண். அரிவாளால் சுரண்டி, சிம்போடு முடிந்து கொடுத்துவிட்டார்.

அது பழைய கிருமிதானா, அதன் பங்காளியா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சோதித்து ஒப்பிட முன்னது இல்லை. ஆனால் இது சாதுவானது. மயிரைக் கழற்ற ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டது. தோலைக் குதறவில்லை. இந்தத் தடவை எண்ணெய் ஊற்றி மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்தேன். ஒன்று சாரின் வீட்டு அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது.

கார்த்திகை முடியும்போது பக்கத்து ஷாப்பில் சோதனை செய்ய அனுமதி கிடைத்தது. நல்ல ஆட்டுத் தோல்கள் சிலவற்றை ஒரு தொட்டியில் எங்கள் சாற்றில் ஊறவைத்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் மேஸ்திரி வந்து தொட்டியோரம் நின்றார். பழக்கத்தில் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கையை நீட்டியவர், எரிச்சலுக்குப் பயந்து ஒரு நொடி தயங்கினார். பிறகு முக்கினார். தோலை எடுத்துச் சாய்வுக்கட்டையில் போட்டு மழுங்கிய கத்தியால் ஒரு இழு இழுத்தார். மயிர் முழுசாக வந்தது.

"எரியல," என்றார். தோலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும், "எரியல மேடம்," என்றார். நாற்றமும் இல்லை. சரி, கொஞ்சம் புளித்த மோர் வாடை இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் சாறு ஊரை மாற்றிவிடவில்லை. பெரிய அளவில் தயாரிக்க எங்களிடம் வசதி கிடையாது. சுண்ணாம்பும் சல்பைடும் மலிவு, பழகியவை. அந்த ஒரு ஷாப்பில் மட்டும் இரண்டு வருஷம் விட்டுவிட்டுப் பயன்படுத்தினார்கள். பிறகு முதலாளி மாறினார், நின்றுபோயிற்று. வேறு இடங்களில் வேறு ஆட்கள் இதே வழியில் போய் எங்களைவிட நன்றாகச் செய்தார்கள். எனக்குப் பட்டம் கிடைத்தது, வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஆறு அப்படியேதான் இருந்தது. நான் நேரில் பார்த்த பலன் என்றால் அது மலையில்தான். அக்கா வீட்டைப் பார்த்து மற்ற வீடுகளிலும் தோலைத் தரையில் போடாமல் பாறையில் விரிக்கத் தொடங்கினார்கள். பாய் கழித்துப் போடும் தோல் குறைந்துபோயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரையில் அதற்கு இடமில்லாததால் நான் எழுதவில்லை.

மேஸ்திரி கையை முக்கிய அடுத்த தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு அக்கா எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அதுவரை போளூருக்கு அப்பால் போனதில்லையாம். பாய்தான் கூட்டி வந்தார். புதுப்புடவை, தலையில் கனகாம்பரம், கையில் ஒரு பை நிறைய அவரைக்காய். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடி ஜாடிகளையெல்லாம் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

"எங்க டீச்சரம்மா அது?"

நுண்ணோக்கியில் கண்ணாடிச் சில்லை வைத்துத் திருகிச் சரிசெய்து கொடுத்தேன். முதலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு கண்ணைத் திறக்கச் சொன்னேன்.

"குச்சி குச்சியா நெளியுது."

"அதுதான்க்கா."

"இதுவா? இத்தினூண்டா? இதுக்காகவா பத்து வருஷம்..." அவர் முடிக்கவில்லை. கண்ணை எடுக்காமலே பின்னால் கையை நீட்டி, "பாய், வாங்க, நீங்களும் பாருங்க. நீங்கதான் முக்கியமாப் பார்க்கணும்," என்றார்.

பாய் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "தப்பாப் பேசிட்டேன்மா உன்னை. இது எனக்குத் தெரியாது," என்றார்.

"யாருக்குத்தான் தெரியும்?" என்றார் அக்கா. பிறகு என்னிடம் திரும்பி, "இதுக்கு இன்னா சோறு போடுறீங்க?" என்று கேட்டார்.

"பால்பவுடர்."

"பாலா! எங்கூட்டுல புள்ளைங்களே எப்பவாச்சும்தான் பாலு குடிக்குதுங்க. இது நல்ல எடமாப் பார்த்து வந்து உட்கார்ந்துக்குனுகீது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன் டீச்சரம்மா," என்று என் தோளைத் தட்டினார். சார் அவரைத் தன் நாற்காலியில் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். மண்ணெடுத்த இடங்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கம் ஈரம் எவ்வளவு நாள் நிற்கும், ஆடு எங்கே படுக்கும், வெயில் எந்த நேரம் விழும் என்று அக்கா சொன்னதையெல்லாம் நான் ஒரு வருஷத்தில் கேட்டிருக்கவில்லை.

சாயங்கால பஸ்ஸுக்கு ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் கிளம்பும்போது அவர் தலையை வெளியே நீட்டினார்.

"டீச்சரம்மா, அந்தப் பொட்டியை மட்டும் நம்பி உட்காராதீங்க. கரண்டு போச்சுன்னா மறுபடி அழுவீங்க. கொஞ்சத்தை எங்கிட்ட குடுத்து வைங்க. சுண்ணாம்பு போடாம ஒரு மூலையில வச்சிப் பார்த்துக்கறேன்."

"பால்பவுடர் வேணுமே அக்கா!"

"அதெல்லாம் எங்கூட்டுல கேக்காது. இருக்கறதைத் தின்னுட்டுப் பொழைச்சிக்கும்," என்றார். பஸ் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.